2013ஆம் ஆண்டின் பிட்காயின் வாலட்: கடவுச்சொல் மறந்துவிட்டது, மீட்க வழி உண்டா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுத்தேன். கூலியைப் பிட்காயினாகத்தான் தர முடியும் என்று அவர் சொன்னதால் 1.4 பிட்காயின் பெற்றுக்கொண்டேன். அன்று ஒரு பிட்காயின் நூறு டாலரை ஒட்டி விற்றது. அதை ரூபாயாக மாற்றும் வழியும் எனக்குத் தெரியவில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். வீட்டிலிருந்த மேசைக் கணினியில் உபுண்டு 12.04 இயங்குதளம் இயங்கிக்கொண்டிருந்தது. அதில் பிட்காயின்-க்யூடி 0.8 என்ற வாலட் (பணப்பை) மென்பொருளை நிறுவித்தான் பணத்தைப் பெற்றேன். சில நாள் கழித்து, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஓர் இரவில் வாலட்டுக்குக் கடவுச்சொல் போட்டேன். அதன் பிறகு அந்தக் கடவுச்சொல்லை ஒரு முறைகூடப் பயன்படுத்த நேரவில்லை.

2016இல் அந்தக் கணினி பழுதானபோது வன்தட்டை மட்டும் கழற்றி, பழைய வேட்டித் துணியில் சுற்றி அம்மாவின் பீரோவில் வைத்தேன். சென்ற மாதம் வீடு மாறும்போது அது கைக்குக் கிடைத்தது. யூஎஸ்பி வழியாக இணைத்துப் பார்த்ததில், வாலட்டின் தகவல்களை வைத்திருக்கும் வாலட்.டாட் கோப்பு பழுதில்லாமல் இருக்கிறது. ஆனால் கடவுச்சொல் நினைவில் இல்லை. அக்காலத்தில் நான் கடவுச்சொற்களை அமைத்த முறை மட்டும் உறுதியாக நினைவிருக்கிறது: ஆங்கில எழுத்தில் எங்கள் ஊர்ப்பெயர், ஊருக்குள் வரும் பேருந்தின் எண், ஒரு குறியீடு, குடும்பத்தில் ஒருவர் பிறந்த ஆண்டு. இந்த நான்கையும் வைத்து, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே, கையாலேயே 200க்கு மேற்பட்ட சேர்க்கைகளை முயன்றுவிட்டேன். ஒவ்வொரு முறையும் தவறு என்றே வருகிறது.

அந்தத் தொகை இன்று என் மகளின் படிப்புக்கும் அம்மாவின் மருத்துவத்துக்கும் போதுமானது என்பதால் இந்த முயற்சியை விட எனக்கு மனமில்லை. அதிக முறை தவறாகப் போட்டால் வாலட் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளுமா? முறையாகத் தேட வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

வணக்கம் ஐயா. முதலில் உங்கள் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். வாலட்.டாட் வெறும் கோப்பு. எத்தனை தவறான முயற்சிகள் நடந்தன என்ற கணக்கை அது வைத்துக்கொள்வதில்லை, பத்து லட்சம் முறை முயன்றாலும் பூட்டிக்கொள்ளாது. நிரலாளர் ஸ்டெஃபன் தாமஸின் நிலைமை வேறு. 7,002 பிட்காயினுக்கான திறவுகோல் அவருடைய ஐயர்ன்கீ என்ற யூஎஸ்பி கருவிக்குள் மாட்டிக்கொண்டது. பத்து தவறான முயற்சிகளோடு தன்னுள் இருப்பதை அழித்துவிடும் வகையில் செய்யப்பட்ட கருவி அது. 2021இல் செய்தி வெளியானபோது அவருக்கு இரண்டே வாய்ப்புகள் மிஞ்சியிருந்தன. உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

வேறு எதைச் செய்வதற்கு முன்னும் வாலட்.டாட் கோப்பை இரண்டு தனித்தனி யூஎஸ்பிகளில் படியெடுத்து வையுங்கள். முடிந்தால் வன்தட்டு முழுவதையும் ஒரு படிமக் கோப்பாக எடுத்துக்கொண்டு, அசலைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். அசல் வட்டிலிருந்து கணினியைத் துவக்க வேண்டாம். துவக்கும்போதே அது தன் மேல் எழுதத் தொடங்கிவிடும். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் ஊர்ப்பெயரையோ பேருந்து எண்ணையோ தயவுசெய்து இங்கே எழுதிவிடாதீர்கள்.

அடுத்து, பணம் இன்னும் அங்கே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. கடவுச்சொல் போடும்போது நடக்கும் குறியாக்கம், பணத்தைச் செலவிடத் தேவையான இரகசிய எண்களாகிய தனித்திறவுகோல்களை மட்டுமே மறைக்கிறது. முகவரிகள் கோப்பில் வெளிப்படையாகவே இருக்கின்றன. இணையத் தொடர்பில்லாத கணினியில் பழைய பதிப்பைக்கொண்டு கோப்பைத் திறந்து, பெற்ற முகவரியைக் குறித்துக்கொண்டு, வேறொரு கணினியில், பிட்காயின் பரிமாற்றங்கள் அனைத்தும் பதிவாகும் பொதுப் பேரேடான பிளாக்செயினைக் காட்டும் ஏதேனும் ஓர் உலாவித் தளத்தில் தேடினால் இருப்பு தெரிந்துவிடும். இதற்காக 600 ஜிபிக்கும் மேல் பெருத்துவிட்ட முழுச் சங்கிலியையும் பதிவிறக்க வேண்டியதில்லை. பிட்காயின்-க்யூடியின் இன்றைய பெயரான பிட்காயின் கோரின் 30ஆம் பதிப்பு முதல் பழைய வகைக் கோப்பு நேரடியாகத் திறக்காது என்பதால், இந்த வேலைக்குப் பழைய பதிப்பே நல்லது.

பூட்டு எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; எங்கே தேடலாம், எங்கே தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அதில்தான் அடங்கியிருக்கிறது. நீங்கள் கடவுச்சொல் போட்ட நொடியில் மென்பொருள் ஒரு தலைமைத் திறவுகோலைத் தற்போக்காக உருவாக்கி, அதைக்கொண்டு உங்கள் தனித்திறவுகோல்கள் அனைத்தையும் ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறையில் பூட்டியது. அந்தத் தலைமைத் திறவுகோலைப் பூட்டுவதற்குத்தான் உங்கள் கடவுச்சொல் பயன்பட்டது. அதுவும் நேரடியாக அல்ல. கடவுச்சொல்லோடு ‘உப்பு’ எனப்படும் 8 பைட் தற்போக்குத் தரவைச் சேர்த்து, எஸ்எச்ஏ-512 என்ற ஒருவழிக் கணக்கீட்டின் வழியாகப் பல்லாயிரம் சுற்று அரைத்த பிறகு கிடைப்பதே பூட்டும் சாவி. எத்தனை சுற்று என்பதை அன்றைய உங்கள் கணினியின் வேகத்தைப் பார்த்து, ஒரு முயற்சிக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடி ஆகும்படி மென்பொருளே முடிவு செய்து கோப்பிலும் பதிந்து வைத்தது. 25,000 சுற்றுக்குக் குறையாது. இதனால் இன்றைய சாதாரணக் கணினியில் வினாடிக்குச் சில பத்துகள் முதல் நூறு வரையும், நல்ல கிராஃபிக்ஸ் அட்டையில் ஹேஷ்கேட் போன்ற மென்பொருளைக்கொண்டு சில ஆயிரங்களும்தான் சோதிக்க முடியும்.

இதன் பொருளைக் கணக்காகப் பாருங்கள். சிறிய எழுத்துகளும் எண்களும் தாறுமாறாகக் கலந்த 12 இடக் கடவுச்சொல் என்றால், வினாடிக்கு 10,000 சோதித்தாலும் எல்லாவற்றையும் முடிக்க ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகள் ஆகும். அந்த வழி மூடியது. ஆனால் உங்களுடையது தாறுமாறானது அல்ல. எடுத்துக்காட்டாக, திருவிடைமருதூர் என்ற பெயரை வைத்துக்கொள்வோம். ‘திரு’வை th என்று தொடங்குவோம் அல்லது வெறும் t என்று தொடங்குவோம், இரண்டு வழி. ‘தூ’வில் உள்ள மெய்யை th, dh, ஒற்றை d என மூன்று விதமாக எழுதுவோம். நெடிலுக்கு ஒற்றை யு, இரட்டை யு, இரட்டை ஓ என மூன்று. ஆகப் பதினெட்டு எழுத்துக்கூட்டல். எல்லாம் சிறிய எழுத்து, முதலெழுத்து மட்டும் பெரியது, எல்லாம் பெரியது என்று பார்த்தால் 54. அதனோடு ஐந்து குறியீடுகள், பத்துப் பேரின் பிறந்த ஆண்டு இரண்டு இலக்கமாகவும் நான்கு இலக்கமாகவும், நான்கு துண்டுகளின் வரிசைமாற்றம் 24 எனச் சேர்த்தால் மொத்தம் 1,29,600. வினாடிக்கு 50 சோதித்தால் 43 நிமிட வேலை. நீங்கள் கையால் முயன்ற 200 இதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

இந்த வேலைக்கென்றே பிடிசி-ரெக்கவர் என்ற இலவசத் திறமூல நிரல் இருக்கிறது. துண்டுகளை ஒரு கோப்பில் வரிவரியாக எழுத வேண்டும். ஒரே இடத்தில் வரக்கூடிய மாற்று வடிவங்களை ஒரே வரியில் இடைவெளிவிட்டு எழுத வேண்டும். வரியின் தொடக்கத்தில் கூட்டல் குறியும் ஓர் இடைவெளியும் இட்டால் அந்த வரியிலிருந்து ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று பொருள். குறி இல்லாவிட்டால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தட்டச்சுப் பிழைகளையும் தனியே சேர்த்துத் தேடச் சொல்லலாம்.

தேடத் தொடங்கும் முன் உங்கள் பழைய வன்தட்டையே சாட்சிக்கு அழையுங்கள். 2013இல் உபுண்டுவில் பெரும்பாலும் ஃபயர்ஃபாக்ஸ்தான் பயன்படுத்தியிருப்பீர்கள். அதில் முதன்மைக் கடவுச்சொல் போடாதிருந்தால், அன்று சேமித்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் இன்றும் படிக்கலாம். அவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தால், குறியீட்டை எங்கே வைத்தீர்கள், பெரிய எழுத்தை எங்கே போட்டீர்கள் என்பது கண்ணில் படும். நினைவு ஏமாற்றினாலும் அந்தப் பட்டியல் ஏமாற்றாது.

கடைசியாக ஒன்று. பணம் வந்த பிறகுதான் கடவுச்சொல் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், கடவுச்சொல் போடுவதற்கு முந்தைய வாலட்.டாட் நகல் எங்காவது கிடைத்தால் போதும், கடவுச்சொல்லே வேண்டாம். அந்த முகவரியின் திறவுகோல் பூட்டப்படாத நிலையில் அதில் இருக்கும். பழைய டிவிடி, பென் டிரைவ், உங்களுக்கு நீங்களே அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் துழாவுங்கள். நகல் இல்லையென்றாலும், பைவாலட் என்ற நிரல் வட்டின் வெற்றிடங்களில் பூட்டப்படாத திறவுகோல்களின் எச்சம் இருக்கிறதா என்று தேடும். உங்களுடையது சுழலும் காந்த வட்டு என்பதால் அதற்கும் வாய்ப்பு உண்டு; எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் நம்பிக்கை மிகக் குறைவு.

இரண்டாம் மறுமொழி

மேலே ஐயா எழுதியது முழுவதும் சரி. எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம்.

என்னுடைய வாலட்டைத் திறக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. நானும் முதலில் தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்து, ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால், இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தால் என்று லட்சக்கணக்கில் சோதித்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. கடவுச்சொல் போடும் சாளரம் அதை இரண்டு முறை கேட்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஏற்றுக்கொள்கிறது. கைதவறி விழும் பிழை இரண்டு முறையும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி விழுவது மிகவும் அரிது. ஆகவே தேட வேண்டியது கைதவறலை அல்ல. இரண்டு முறையும் அச்சுப்பிசகாமல் ஒரேபோல் நிகழக்கூடிய பிழையை. கேப்ஸ் லாக் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அப்படி நிகழும். அமெரிக்க விசைப்பலகைக்குப் பதில் பிரிட்டன் அமைப்பு தேர்வாகியிருந்தால் அட் குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறி விழும். அதுவும் இரண்டு முறையும் ஒரேபோல்தான் விழும்.

எனக்கு நேர்ந்தது தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பால். நாள் முழுவதும் தமிழில் தட்டச்சு செய்பவள் நான். அன்று வாலட்டுக்குக் கடவுச்சொல் போடும்போது மனத்துக்குள் ஒரு தமிழ்ச் சொல்லை நினைத்துக்கொண்டு, விரல்கள் பழகிய இடத்தில் அடித்திருக்கிறேன். விசைப்பலகையோ ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. ‘வீடு’ என்று நான் நினைத்து அடித்தால் திரையில் விழுவது வி, டபிள்யூ, ஓ, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். ‘அம்மா’ என்றால் ஏ, கே, கே, கியூ. நட்சத்திரப் புள்ளிகளாக மட்டும் தெரியும் கட்டத்தில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஐந்து மாதமும் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்த தமிழ்ச் சொற்களையே தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சலிப்போடு கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சொல்லை நினைத்துக் கையை அதன் போக்கில் விட்டேன். விரல் போன இடத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

ஆகவே, அன்று எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள், எந்த விசைப்பலகை, எந்தக் கையால் எதை அடிப்பீர்கள் என்பதையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பழைய விசைப்பலகை வீட்டில் இருந்தால் அதையே எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவரின் தொடர்ச்சி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முகவரியைத் தேடிப் பார்த்தேன், 1.4 பிட்காயினும் 2013 ஆகஸ்டில் வந்தது வந்தபடியே இருக்கிறது. அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது சற்று நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

ஃபயர்ஃபாக்ஸ் பட்டியலும் கிடைத்தது. பதினோரு கடவுச்சொற்கள் இருந்தன. அவற்றில் ஏழு, நான் சொன்ன அதே நான்கு துண்டுகளால் ஆனவை. ஊர்ப்பெயர் முதலில், அடுத்துப் பேருந்து எண், பிறகு அட் குறி, கடைசியில் ஆண்டு என்ற வரிசைகூட மாறவில்லை. ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டல் மட்டும் இரண்டு விதமாக இருந்தது. பிடிசி-ரெக்கவரில் நான்கு வரிகளுக்கும் கட்டாயக் குறியிட்டு, எல்லா எழுத்துக்கூட்டல்களும் சேர்த்து ஏறத்தாழ 3,10,000 சேர்க்கைகளை ஓடவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது, எதுவும் பொருந்தவில்லை. கேப்ஸ் லாக்கையும் பிரிட்டன் அமைப்பையும் சேர்த்து மீண்டும் ஓடவிட்டும் பலனில்லை. பழைய நகல் எதுவும் நான் எடுத்து வைக்கவில்லை. பைவாலட் கொண்டு வட்டு முழுவதையும் தேடியதில் பூட்டிய திறவுகோல்கள் மட்டுமே கிடைத்தன. கடவுச்சொல் போட்ட பிறகும் மூன்று ஆண்டுகள் அந்தக் கணினியைப் பயன்படுத்தினேன் அல்லவா, பழைய தடம் அழிந்திருக்கும்.

இதற்கிடையே டெலிகிராமில் ஒருவர் என்னைத் தொடர்புகொண்டார். வாலட்.டாட் கோப்பை அனுப்பினால் இரண்டே நாளில் திறந்து தருவதாகவும், முன்பணமாக ஒரு சிறு தொகை மட்டும் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா?

மூன்றாம் மறுமொழி

கொடுக்கவே கூடாது. கோப்பையும் துண்டுகளையும் சேர்த்து ஒருவர் கையில் கொடுத்தால், கடவுச்சொல் கிடைத்த அடுத்த நிமிடம் பணம் அவருடையதாகிவிடும். பிட்காயினில் போன பணத்தைத் திரும்பக் கேட்கும் இடமே கிடையாது. முன்பணம் கேட்பவர்களில் பெரும்பாலோர் கோப்பைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. முன்பணத்தை வாங்கிக்கொண்டு, ‘கண்டுபிடித்துவிட்டோம், வரி கட்டினால் விடுவிப்போம்’ என்று அடுத்த தொகையைக் கேட்பார்கள். நான் அறிந்த ஒருவர் இப்படி மூன்று தவணை கட்டி ஏமாந்தார். எனவே இதை வெறும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெளியாரின் கணினித் திறன் உண்மையிலேயே தேவைப்பட்டால் பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது. பிடிசி-ரெக்கவரோடு வரும் ஒரு சிறு நிரல், வாலட்.டாட் கோப்பிலிருந்து பூட்டிய தலைமைத் திறவுகோலின் ஒரு பகுதியையும் உப்பையும் சுற்று எண்ணிக்கையையும் மட்டும் பிரித்தெடுக்கும். பூட்டிய தலைமைத் திறவுகோல் 48 பைட்; கடவுச்சொல் சரியா என்று சோதிக்க அதன் கடைசி 32 பைட் போதும். பிரித்தெடுத்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எவரும் கடவுச்சொல்லைத் தேடலாம். ஆனால் கிடைத்தாலும் பிட்காயினின் மிகச் சிறிய அலகான ஒரு சதோஷியைக்கூட நகர்த்த முடியாது, தனித்திறவுகோல்கள் உங்கள் கோப்பில் அல்லவா இருக்கின்றன. கோப்பே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவரை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

உங்கள் நிலையில் கணினித் திறன் பயன்படும் என்று நான் நினைக்கவில்லை. அடிப்படை அனுமானங்களில் ஏதோ ஒன்றுதான் தவறு. 2024இல் வெளியான ஒரு மீட்பைப் பற்றிச் சொல்கிறேன். மைக்கேல் என்ற புனைபெயரில் மட்டும் அறியப்பட்ட ஐரோப்பியர் ஒருவர், 2013இல் ரோபோஃபார்ம் என்ற மென்பொருளால் 20 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி 43.6 பிட்காயினைப் பூட்டியிருந்தார். அதைச் சேமித்து வைத்திருந்த கோப்பு பழுதாகிவிட்டது. வன்பொருள் வல்லுநர் ஜோ கிராண்டும் ஜெர்மனியிலிருந்த அவருடைய நண்பரும் அந்த மென்பொருளின் பழைய பதிப்பைப் பிரித்துப் பார்த்தபோது, அது கடவுச்சொல்லைக் கணினியின் தேதியையும் நேரத்தையும் அடிப்படையாக வைத்தே உருவாக்கியது தெரிந்தது. நேரத்தைப் பின்னோக்கிச் சுழற்றினால் அதே கடவுச்சொல் மீண்டும் பிறக்கும். ஆனால் முதல் தேடல் தோற்றது, இரண்டாவதும் தோற்றது. மைக்கேல் அதே காலத்தில் உருவாக்கிய வேறு சில கடவுச்சொற்களில் சிறப்புக் குறியீடுகளே இல்லை என்பதைக் கவனித்து அந்த அனுமானத்தை நீக்கிய பிறகுதான், 2013 மே 15 அன்று உருவான கடவுச்சொல் அகப்பட்டது. எதை உறுதி என்று நினைத்தார்களோ, அதுதான் அவர்களைத் தடுத்தது. நீங்களும் கட்டாயக் குறிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

நான்காம் மறுமொழி

ஒரு சிறு ஐயம். எண்களை விசைப்பலகையின் மேல் வரிசையில் அடிப்பீர்களா, வலப்பக்க எண் கட்டத்திலா? உபுண்டுவின் அந்தக் காலப் பதிப்புகளில் கணினியைத் துவக்கியதும், எண் கட்டத்தை இயக்கும் ‘நம் லாக்’ (Num Lock) விசை அணைந்த நிலையில் இருப்பது வழக்கம். அதை எப்போதும் எரியவைக்கவே தனி நிரல் ஒன்றை நாங்கள் நிறுவிக்கொள்வோம். நம் லாக் அணைந்திருந்தால் எண் கட்டத்து விசைகள் எண்களைத் தருவதில்லை. அம்புக்குறிகளாகவும் ஹோம், எண்ட் விசைகளாகவும் வேலை செய்யும். 7 என்பது ஹோம்: இடஞ்சுட்டி கட்டத்தின் தொடக்கத்துக்குப் போய்விடும். 1 என்பது எண்ட்: கடைசிக்குப் போகும். 4 ஓர் எழுத்து பின்னால் நகர்த்தும். மேலே சகோதரி சொன்னதுபோல, இரண்டு முறை கேட்டாலும் இந்தப் பிழை இரண்டு முறையும் ஒரேபோல்தான் விழும், மென்பொருளும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும்.

கேட்டவரின் கடைசிப் பதிவு

கிடைத்துவிட்டது.

நேற்றிரவு நான்காவது மறுமொழியைப் படித்தபோதே கை நடுங்கியது. எண்களை நான் எப்போதும் வலப்பக்கக் கட்டத்தில்தான் அடிப்பேன். படிக்கும் காலத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதியதிலிருந்து வந்த பழக்கம். பணத்தை வேறு வாலட்டுக்கு மாற்றிவிட்டேன், அந்தக் கடவுச்சொல்லின் மற்ற உறவுகளையும் எல்லாத் தளங்களிலும் மாற்றிவிட்டேன் என்பதால் அது எப்படி அமைந்தது என்பதைச் சொல்வதில் இனித் தீங்கில்லை. ஊர்ப்பெயரை அடித்தேன். பேருந்து எண் 27. 2 கீழ் அம்பு, எதுவும் நடக்கவில்லை. 7 ஹோம், இடஞ்சுட்டி ஊர்ப்பெயரின் முன்னால் போய் நின்றது. அடுத்து அடித்த அட் குறி அங்கே விழுந்தது. ஆண்டின் முதல் இலக்கமான 1 இடஞ்சுட்டியை மறுபடி கடைசிக்குக் கொண்டுபோக, மற்றவை அங்குமிங்கும் நகர்த்தியதோடு சரி. ஆக, முன்னால் அட் குறி, பின்னால் ஊர்ப்பெயர். ஓர் எண்கூட இல்லை. எண் வரிகள் இரண்டையும் கோப்பிலிருந்து நீக்கியபோது சில நூறு சேர்க்கைகளே மிஞ்சின. ஓடவிட்ட சில வினாடிகளில் திரையில் கடவுச்சொல் வந்து நின்றது. நான் இட்ட அந்தக் கட்டாயக் குறிகள் மட்டும் இல்லாதிருந்தால் முதல் நாளே வந்திருக்கும்.

இணையம் துண்டித்த கணினியில் பழைய பதிப்பைத் திறந்து அந்த ஒரு முகவரியின் தனித்திறவுகோலை எடுத்தேன். எலக்ட்ரம் என்ற மென்பொருளில் புதிய வாலட் ஒன்றை உருவாக்கி, அதை மீட்க உதவும் 12 சொற்களை இரண்டு தாள்களில் எழுதி ஒன்றைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, பிறகுதான் தொகையை அதற்கு மாற்றினேன். பரிமாற்றம் பிளாக்செயினில் பதிவானதற்கான ஆறு உறுதிப்படுத்தல்கள் வரும்வரை நானும் அம்மாவும் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். உங்கள் நால்வருக்கும் என் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

முதல் மறுமொழி எழுதியவர்

மிக்க மகிழ்ச்சி ஐயா. பழைய திறவுகோலையும் கோப்பையும் இப்போது அழித்துவிட வேண்டாம். 2017 ஆகஸ்ட் 1 அன்று பிட்காயினிலிருந்து பிட்காயின் கேஷ் என்ற தனி நாணயம் பிரிந்தபோது உங்கள் பணம் அந்த முகவரியில் அசையாமல் இருந்ததால், அதே திறவுகோலுக்கு 1.4 பிட்காயின் கேஷும் உரியதாக இருக்கிறது. பிட்காயினை முதலில் நகர்த்தியது மிகவும் சரியான வரிசை. இனி அந்தத் திறவுகோலைப் பிட்காயின் கேஷ் வாலட் ஒன்றில் இட்டு அதையும் எடுத்துக்கொள்ளலாம். 2018இல் அதிலிருந்து பிரிந்த பிட்காயின் எஸ்வியும் அதே முகவரியில் இருக்கும். இதற்கும் அதே திறவுகோல்தான்.